அடுக்கும் ரயிலா, இழுக்கும் ரயிலா? – டீச்சர் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு 14 மாதம். இப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிறான். கர்நாடகத்துச் சென்னபட்டணாவில் ஒரு மர ரயில் பார்த்தோம். மூன்று பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு குச்சி. அதில் வளையங்களையும் உருளைகளையும் கோத்து அடுக்கலாம், முன்னால் உள்ள கயிற்றைப் பிடித்து இழுக்கவும் செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. மாமியாரோ, "எதைக் கொடுத்தாலும் விசிறி எறிகிறான், இவனுக்கு எதற்கு அடுக்குகிற சாமான்?" என்கிறார். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லையே என்று கணவர் தயங்குகிறார். வாங்கலாமா டீச்சர்?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: வாங்குங்கள். ஆனால் கயிற்றை அவிழ்த்து எடுத்து வைத்துவிட்டுக் கொடுங்கள். அடுக்கும் துண்டுகளிலும் பெரிய வளையங்கள் இரண்டு மூன்றை மட்டும் வெளியே விடுங்கள். மற்றவை அலமாரியில் இருக்கட்டும்.

இரண்டு வேலைக்கும் ஒரே பொம்மை என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். பொய் இல்லை. ஆனால் அந்த இரண்டு வேலைகளும் பிள்ளைக்கு ஒரே சமயத்தில் கைவருவதில்லை. புதிதாக நடக்கும் குழந்தையைக் கவனித்துப் பாருங்கள்: கால்களை அகட்டி, கைகள் இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு நடக்கும். அந்தக் கைகளுக்கு நடையின் சமநிலையைக் காப்பதே பெரிய வேலை. ஒரு கையில் கயிற்றைப் பிடித்து, பின்னால் வண்டி வருகிறதா என்று திரும்பியும் பார்க்க வேண்டுமென்றால் நடை நன்றாக ஊன்றியிருக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஒன்றரை வயதை ஒட்டித்தான் வரும். அதுவரை ரயிலைத் தரையில் வைத்துத் தள்ளட்டும்.

இனி உங்கள் மாமியாருக்கு. அம்மா, பேரன் எறிவது குறும்பு மட்டுமல்ல. பிறந்த சில மாதங்களிலேயே குழந்தைக்குப் பொருளைப் பிடிக்க வந்துவிடும். பிடித்ததை நினைத்த இடத்தில் விடுவதற்கு ஏறக்குறைய ஒரு வயது ஆக வேண்டும். அவன் இப்போது அதைத்தான் பழகுகிறான். விடத் தெரிந்தால்தானே ஒன்றின் மேல் ஒன்றை வைக்க முடியும்? 15 மாதத்தை ஒட்டி இரண்டு கட்டைகளை அடுக்குவான், ஒன்றரை வயதில் நான்கு, இரண்டு வயதில் ஆறு என்று கோபுரம் உயரும். ஒரு மாதம் முன்பின் ஆனால் பதற வேண்டாம். குச்சியில் கோக்கும் விளையாட்டில் முதலில் உருவி எடுப்பான், மாட்டுவது பிறகு. பெரிது கீழே, சிறிது மேலே என்ற வரிசையெல்லாம் இரண்டு வயதுக்கு மேல். அதற்கு முன் அருகில் உட்கார்ந்து "அப்படி இல்லை, இப்படி" என்று பெரியவர்கள் திருத்திக்கொண்டே இருந்தால், பொம்மையைத் தள்ளிவிட்டுச் சமையலறைப் பாத்திரத்தைத் தேடிப் போய்விடுவான். நான் அவன் கட்சிதான்.

முத்திரை விஷயத்தில் உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்வி. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் மத்திய அரசின் கைவினைப் பொருள் துறையில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளைச் செய்யும் பதிவு பெற்றவர்களுக்கும் விலக்கு உண்டு. சென்னபட்டணாப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆகவே கைவினைஞரிடமோ அவர்களின் கூட்டுறவுக் கடையிலோ வாங்கினால் முத்திரை இல்லாததைக் குறையாகச் சொல்ல முடியாது. யார் செய்தது என்று கடைக்காரருக்கே தெரியாத பொம்மை என்றால் கணவர் சொல்வதைக் கேளுங்கள்.

சாயத்தைத்தான் நான் இன்னும் உற்றுப் பார்ப்பேன். அங்கே கடைசல் இயந்திரத்தில் மரம் சுழலும்போதே, நிறம் கலந்த அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பரவும். தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். மரம் சுழன்றால்தான் இது நடக்கும் என்பதைக் கவனியுங்கள். வளையம், உருளை, சக்கரம் எல்லாம் கடைந்தவை. அவற்றில் அரக்கு இருக்கும். ரயில் பெட்டியின் தட்டையான பலகையைக் கடைய முடியாது. அதில் பளபளவென்று நிறம் இருந்தால் அது பெரும்பாலும் தூரிகையால் அடித்த பெயிண்ட். என்ன பெயிண்ட் என்று கேளுங்கள். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. பொம்மைக்கு எந்த டப்பாவைத் திறந்தார்கள் என்பது கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாது. பதில் மழுப்பலாக வந்தால், பலகையில் நிறமே பூசாத ரயிலைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளை எப்படியும் அதைக் கடிக்கத்தான் போகிறான்.

மரம் பற்றிக் கவலை வேண்டாம். அங்கே ஆலே மரம் என்பார்கள். தைலம் காய்ச்ச நாம் இலை பறிக்கும் அதே வெட்பாலைதான். வெளிறிய நிறம், நெருக்கமான இழை, எடை குறைவு. உங்கள் வீட்டு எறிபடைக்கு ஏற்ற மரம்.

கடையில் நின்றபடியே இதையும் செய்துவிடுங்கள். கையோடு ஒரு ஸ்கேல் கொண்டு போங்கள். உருண்டையான துண்டு எதுவும் நான்கரை சென்டிமீட்டர் குறுக்களவுக்குக் குறையக் கூடாது, தொண்டையை அடைக்கும். ரயில் ஓட்டுநர் என்று உருண்டைத் தலையோடு ஒரு குட்டி மனிதர் தனியே கழன்று வருவார், அவரையும் அளந்து பாருங்கள். சக்கரத்தையும் அச்சின் மூடியையும் உங்கள் பலம் முழுவதையும் போட்டுப் பிடுங்கிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் சரி. குச்சி குட்டையாக, கட்டைவிரல் பருமனில், முனை மழுங்கியதாக இருக்கட்டும். மெல்லிய நெட்டைக் குச்சியின் மேல் பிள்ளை விழுந்தால் கண்ணுக்கு ஆபத்து. கயிறு ஓர் அடிக்குள் போதும். பிடித்து இழுக்க வசதியாக நுனியில் மணி கோத்திருப்பார்கள், அழகுதான், வெட்டிவிடுங்கள். கயிறு கழுத்தைச் சுற்றினால் அந்த மணிதான் சிக்கிச் சுருக்காகும். நீளமான இழுகயிற்றில் இப்படி மணி கோப்பதை அமெரிக்கப் பொம்மைத் தரவிதியே அனுமதிப்பதில்லை.

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் வாங்கிய மரச் சொப்புச் செட்டையும் ஒரு நடைவண்டியையும் கோவையில் இருக்கும் என் பேத்திக்கு அனுப்ப நினைக்கிறேன். அவளுக்கு 11 மாதம். மருமகள், "நடைவண்டி வேண்டாம் மாமா, இப்போது டாக்டர்கள் கூடாது என்கிறார்கள்" என்கிறாள்.
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: மருமகள் பாதி சரி. டாக்டர்கள் கூடாது என்பது, குழந்தையை நடுவில் உட்காரவைக்கும் சக்கர வாக்கரை. நிற்கத் தெரியாத குழந்தையையும் அது வேகமாக உருட்டிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் தள்ளிவிடும். கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. நம் மூன்று சக்கர நடைவண்டியில் குழந்தை தன் காலில் நின்று, தானே தள்ளுகிறது. பேத்தி சுவரையோ கட்டிலையோ பிடித்து எழுந்து நடக்கிறாள் என்றால் கொடுக்கலாம், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். கோவை வீட்டில் டைல்ஸ் தரை என்றால் வண்டி வழுக்கி ஓடும். ஆசாரியிடம் சொல்லி சக்கரங்களைச் சுற்றி சைக்கிள் டியூப் பட்டை ஒட்டி, அச்சைச் சற்று இறுக்கமாகப் பூட்டி அனுப்புங்கள்.

சொப்பை மூன்று வயதுப் பிறந்தநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குட்டி உலக்கையும் கரண்டியும் இப்போது நேரே வாய்க்குத்தான் போகும்.

கேள்வி: அரக்குப் பொம்மையை சானிடைசர் போட்டுத் துடைத்தேன். பிசுபிசுவென்று ஆகி, நிறம் துணியில் வந்துவிட்டது. போலிச் சாயமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. அரக்கு சாராயத்தில் கரையும், சானிடைசரில் பெரும்பங்கு சாராயம்தான். ஈரத்துணியால் துடைத்தே நிறம் வந்திருந்தால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன். பிசுபிசுப்பு முழுவதும் காயும்வரை பொம்மையை நிழலில் தனியே வையுங்கள். மேல்பூச்சு உரிகிற துண்டு இருந்தால் பிள்ளையிடம் தர வேண்டாம். இனிமேல் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். வெந்நீரில் போடுவதும், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போவதும் கூடாது. சூட்டிலும் அரக்கு இளகும்.