எட்டுப் பொருத்தம் சரி, மீதி இரண்டு?

கேள்வி: எனக்கு வயது 29. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். பத்துக்கு எட்டுப் பொருத்தத்தோடு ஒரு ஜாதகம் வந்திருக்கிறது. பெண் பார்க்கச் சுமார்தான், ஆனால் தங்கமான குணம் என்கிறார் தரகர். கல்யாணத்துக்கு முக்கியம் அழகா, குணமா?
– ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: அழகும் குணமும் கொஞ்சம் காத்திருக்கட்டும். பத்துக்கு எட்டு என்றீர்களே, மீதி இரண்டு எது? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். வசியம், மகேந்திரம் என்றால் பரவாயில்லை, ஜோசியர் கண்டுகொள்ள மாட்டார். ரஜ்ஜு தட்டினால் மற்ற ஒன்பதும் இருந்தாலும் நோட்டை மூடிவிடுவார்.

இந்தப் பத்தும் நட்சத்திரத்தையும் ராசியையும் வைத்துப் போடுகிற கணக்கு. நட்சத்திரம் 27. உலகத்தில் 800 கோடிப் பேர். ஆக, நட்சத்திரத்துக்கு ஏறக்குறைய 30 கோடி. அதில் பாதி பெண்கள் என்று வையுங்கள். உங்களுக்குப் பொருந்துகிற ஒரே ஒரு நட்சத்திரத்தில் மட்டும் 15 கோடிப் பேர், கைக்குழந்தை முதல் கொள்ளுப்பாட்டி வரை. அத்தனை பேரும் பலாப்பழ சீசனில் பண்ருட்டிக்கு பஸ் ஏறினால் ஊர் தாங்குமா? இவர்களில் யார் கோபம் வந்தால் தட்டை வீசுவார், யார் பேசாமல் கழுவி வைப்பார் என்பது எந்தக் கட்டத்திலும் எழுதியிருக்காது. முன்பு இதை எழுதியபோது ஒரு ஜோசியர் எனக்கு ஏழரை நடப்பதாகக் கடிதம் போட்டார். நடக்கட்டும்.

பத்துதான் வேண்டும் என்றால் தொல்காப்பியரிடம் போங்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் என்ற பகுதியில், காதலர் இருவருக்கும் ஒத்திருக்க வேண்டியவை என்று பத்து சொல்கிறார்: பிறப்பு, குடிமை (அதாவது குலம்), ஆண்மை, வயது, உருவம், காமம், நிறை (மன அடக்கம்), அருள், உணர்வு, திரு (செல்வம்). நட்சத்திரத்தைக் காணோம். அழகும் குணமும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. பிறப்பையும் குடிமையையும் தலைவாழை போட்டு முதலில் உட்கார வைத்ததில் அவரோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. இன்றைக்கும் ஊரில் வெட்டுக்குத்து அந்த இரண்டால்தானே?

ஆனால் அடுத்த நூற்பாவில் மனிதர் என்னைக் கவிழ்த்துவிடுகிறார். காதலரிடம் இருக்கவே கூடாதவை என்று இன்னொரு பட்டியல். பொறாமை, கொடுமை, புறம் பேசுதல், வன்சொல், சோம்பல், மறதி என்று போகிறது. 'வியப்பு' என்று ஒன்று. தன்னைத் தானே பெரிதாக நினைத்துக்கொள்வது. 'குடிமை இன்புறல்', தன் குலத்தைத் தானே மெச்சிக்கொள்வது. நம்முடைய மேட்ரிமோனி விளம்பரங்களில் பாதி இந்த இரண்டில் அடிபட்டுப் போகும். கடைசியில் 'ஒப்புமை': இன்னொருவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது.

பெண் சுமார் என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோடு ஒப்பிட்டால் சுமார்? போன வாரம் வந்த போட்டோவோடா, நகைக்கடை விளம்பரத்தில் வருகிற பெண்ணோடா? வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அம்மா இரண்டு விரலால் பெரிதாக்கி, அத்தை அதை வாங்கி நெற்றியைப் பெரிதாக்கி, சித்தப்பா கண்ணாடியைத் தேடுவதற்குள் அந்தப் பெண் சுமாராகிவிடுகிறாள். சிவப்பு மோகத்துக்கு 1975 முதல் தீனி போட்ட க்ரீமே 2020-ல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. நம் பயோடேட்டாவில் 'நிறம்' என்ற வரி மட்டும் அசையாமல் நிற்கிறது.

குணம்? தரகர் அகராதியில் பெண்ணுக்குத் தங்கமான குணம் என்றால் எதிர்த்துப் பேச மாட்டாள். ஆணுக்கு என்றால் வெளியில் தெரிகிற மாதிரிக் குடிக்க மாட்டான். இந்த இரண்டு குணங்களும் ஒரே வீட்டில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

அப்புறம், உங்கள் போட்டோவை அந்தப் பெண்ணிடம் காட்டினார்களா? காட்டியிருந்தால் அவர் என்ன சொன்னார் என்று கேட்டு எழுதுங்கள். முழுப் பக்கம் ஒதுக்குகிறேன்.