பழனிக்கு நடக்கிறவர்களுக்கு: முதல் நாள் தங்கல் எந்த ஊரில்?

கேள்வி: தைப்பூசத்துக்கு முதல் தடவையாகப் பழனிக்கு நடக்கிறோம். ஒன்பது பேர். எல்லாரும் காபித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். 61 வயதான என் மாமியாரும் மாலை போட்டிருக்கிறார். சேலம் வரை பஸ்ஸில் இறங்கி, அங்கிருந்து நடப்பதாக முடிவு. முதல் நாளே சங்ககிரி போய்விடலாம் என்கிறார் என் கொழுந்தனார். தாரமங்கலத்தில் தங்கிப் போகலாம் என்கிறார் மாமியார். முன்பின் தெரியாத ஊரில் ராத்திரி தங்க இடம் கேட்க எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது. வழி சொல்லுங்கள்.
- வாசகி, ஏற்காடு

பதில்: மாமியார் பேச்சைக் கேளுங்கள் அம்மா. பதினாறு வருடமாக நடக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நான் முதல் தடவை போனபோது உங்கள் கொழுந்தனார் மாதிரிதான் எங்கள் கூட்டமும் கணக்குப் போட்டது. நெடுஞ்சாலையைப் பிடித்து நேராகப் போனால் சங்ககிரி நாற்பது கிலோமீட்டருக்குள்தான். காலையில் கிளம்பினால் சாயங்காலம் போய்விடலாம் என்றார்கள். மகுடஞ்சாவடி தாண்டும்போதே எனக்கு வலது குதிகாலில் கொப்புளம். சங்ககிரி போய்ச் சேர்ந்தபோது ராத்திரி மணி பத்து. விசாரித்த மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. பூட்டிக் கிடந்த ஒரு பெட்டிக்கடை வாசலில் தார்ப்பாயை விரித்துப் படுத்தோம். ஒவ்வொரு லாரி போகும்போதும் தரை அதிர்ந்தது, ஒருவரும் கண் மூடவில்லை. மறுநாள் பள்ளிபாளையம் பாலத்துக்கு முன்னால் என்னைச் சாமான் ஏற்றிய டெம்போவில் ஏற்றிவிட்டார்கள். காவிரியை வண்டியில் உட்கார்ந்து கடந்தேன். மாலை போட்டு நடப்பதாக வேண்டிக்கொண்டு பாதி தூரம் வண்டியில் போனது எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான்.

நீங்கள் மலையில் தினமும் ஏறி இறங்குகிறவர்கள், கால் பழகியிருக்கும் என்று நினைப்பீர்கள். மலையில் நடக்கிற கால் ஒவ்வொரு அடிக்கும் வேறு மாதிரி வளைந்து கொடுக்கும். தார் ரோட்டில் ஒரே இடத்தில் ஒரே அடி, ஆயிரக்கணக்கில் விழும். ஏற்காட்டுக் குளிருக்குப் பழகின உடம்புக்குத் தை மாத வெயில்கூட கீழே சுடும். அதனால்தான் முதல் நாள் குறைவாக நடக்கச் சொல்கிறேன்.

சேலத்திலிருந்து இரும்பாலைப் பக்கமாகப் போனால் தாரமங்கலம் ஏறக்குறைய 27 கிலோமீட்டர். மறுநாள் கொங்கணாபுரம் வழியாகச் சங்ககிரி. நேர்வழியைவிடத் தூரம் கூடும், மறைக்கவில்லை. அதற்குப் பிறகு ஈரோடு, காங்கேயம், தாராபுரம், பழனி. ஏழு நாள் வைத்துக்கொண்டால் மாமியாரும் முழுக்க நடந்தே வருவார். ஒரு விஷயம், கொங்கணாபுரத்தில் சனிக்கிழமை ஆட்டுச்சந்தை. ரோடெல்லாம் வண்டியும் ஆடுமாக இருக்கும், அந்த நாளில் அந்த ஊரைக் கடக்காதபடி கிளம்புங்கள்.

தாரமங்கலத்துக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள் போய்விடுங்கள். கைலாசநாதர் கோயில் மேற்கே பார்த்த கோயில். இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டியது. மாசி மாதத்தில் மூன்று நாள் அஸ்தமன வெயில் உள்ளே லிங்கத்தின் மேல் விழும். நீங்கள் போவது தையில், அது கிடைக்காது. ஆனாலும் சாயும் வெயில் முன் மண்டபத் தூண்களில் படும் நேரத்தில் பாருங்கள். யாளி வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்கிறது. விரலை விட்டால் உருளும், வெளியே மட்டும் வராது. ஒரே கல்லில் குடைந்த வேலை. வாலி, சுக்ரீவன் சண்டையும் அங்கே உண்டு. ராமர் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ராமர் தெரியமாட்டார். உங்கள் மாமியாரை அங்கேயும் இங்கேயும் நிற்க வைத்துக் காட்டுங்கள். கால் வலி மறந்துவிடும்.

இனி இடம் கேட்கிற விஷயம். கோயிலுக்குள் படுக்க நினைக்காதீர்கள், ராத்திரி நடை சாத்திவிடுவார்கள். இருட்டுவதற்கு முன்பே, பெண்கள் இரண்டு பேராகப் போய்க் கேளுங்கள். கோயில் வாசலில் பூக்கட்டுகிற அம்மாவிடம் தொடங்குவதுதான் என் வழக்கம். எந்த மண்டபம் காலி, யார் வீட்டுத் திண்ணை பெரிது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கேட்கும்போதே நாலு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: எந்த ஊர், எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, விடிகாலை எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள். கழிப்பறையையும் தண்ணீரையும் பற்றி வெட்கப்படாமல் முதலிலேயே கேளுங்கள். மாலை போட்டவர்களை நம் ஊர்ப்பக்கம் “சாமி” என்றுதான் கூப்பிடுவார்கள். சாமி வாசலில் வந்து நின்று கேட்டால் முகம் சுளிக்கிற வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. இடமில்லை என்றால்கூட அடுத்த தெருவுக்குக் கை காட்டுவார்கள்.

இரண்டாவது வருடம் எனக்கு இடம் கொடுத்தது ஒரு நெசவுக்கார ஆயா. “திண்ணையில படுத்துக்கங்க சாமி, உள்ள தறி கிடக்குது” என்றார். தாரமங்கலம் பட்டு நெய்கிற ஊர். நானும் அம்மாபேட்டைத் தறிக்காரி வீட்டுப் பிள்ளைதான். படுத்தபடியே உள்ளேயிருந்து வரும் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊடை நூலை இழுத்துப் போகிற நாடா இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பலகை ஒரு தட்டு. திடீரென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்தும் தொடங்கவில்லை. பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டின நூலில், இழை அறுந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. எழுந்து போய்ப் பார்த்தால் ஆயா குண்டு பல்புக்குக் கீழே கண்ணைச் சுருக்கிக்கொண்டு இழையைத் தேடிக்கொண்டிருக்கிறார். அரக்குக் கலர்ப் பாவு, அறுந்த முனை, பாவு இழையைத் தூக்கி இறக்குகிற விழுதுக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்தது. நான் பிடித்து முடிந்து கொடுத்தேன். ஆயா என் கையைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து போய் அலுமினியச் சட்டியில் வெந்நீர் வைத்து, ஒரு கை கல்லுப்புப் போட்டு, என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

அந்த ராத்திரிக்குப் பிறகு நான் வழியை மாற்றவே இல்லை. ஆயா போய் ஐந்து வருடமாகிறது. அவர் மருமகள் இன்றைக்கும் திண்ணையைக் கூட்டி வைத்திருக்கிறார்.

திண்ணை கொடுத்தவர்களுக்குப் பணம் நீட்டாதீர்கள், வருத்தப்படுவார்கள். கிளம்புமுன் படுத்த இடத்தைப் பெருக்கி, வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு வாருங்கள். திரும்பும்போது பஸ்ஸிலாவது அந்த ஊரில் இறங்கி ஒரு டப்பா பஞ்சாமிர்தமும் விபூதியும் கொடுங்கள். இதை மட்டும் மறக்கவே கூடாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தையில் திண்ணைக் கல் ஐஸ் மாதிரி இருக்கும், ஒன்பது பேருக்கு இரண்டு பவானி ஜமுக்காளமாவது வேண்டும். படுக்குமுன் உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேயுங்கள். கொப்புளத்தில் ஊசி நூல் கோக்கச் சொல்வார்கள், வேண்டாம், சீழ் பிடிக்கும். சுத்தமான துணியோ பிளாஸ்திரியோ போட்டு மூடுங்கள். மாமியாருக்குச் சர்க்கரை இருந்தால் தினமும் சாயங்காலம் நீங்களே அவர் பாதத்தைப் பிடித்துப் பாருங்கள், காயம் இருந்தாலும் அவருக்கு வலி தெரியாமல் போகலாம். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, பதினொரு மணிக்கு நிழலில் ஒதுங்கி, மூன்று மணிக்கு மேல் மறுபடி நடங்கள். இருட்டில் நடக்கும்போது முதுகிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ரோட்டின் வலது ஓரத்திலேயே போங்கள்.

கேள்வி: நடைப்பயணத்தில் சங்ககிரியில் ஒரு ராத்திரி தங்குகிறோம். அப்படியே மலைக்கோட்டையையும் ஏறிப் பார்த்துவிடலாமா?
- வாசகர், சூரமங்கலம்

பதில்: வேண்டாம் தம்பி. மறுநாள் நடக்க வேண்டிய காலை அந்தப் படிகளில் செலவழிக்காதீர்கள். 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட கோட்டை அது. தண்ணீர் எடுத்துக்கொண்டு, காலையிலேயே ஏறி, நிதானமாக நின்று பார்க்க வேண்டிய இடம். ஆடிப்பெருக்கு சமயத்தில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு தனியாக வாருங்கள். நடைப்பயணத்தில் கீழே நின்று கோட்டையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்குங்கள்.

கேள்வி: எடப்பாடிக் காவடிக்காரர்கள் பழனி மலைமேலேயே ராத்திரி தங்குவார்களாமே? எங்கள் கூட்டமும் அவர்களோடு சேர்ந்து தங்க முடியுமா?
- வாசகி, ஓமலூர்

பதில்: தங்குவது உண்மைதான். எடப்பாடி பருவத ராஜகுலச் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகக் காவடி எடுத்து நடந்து வருகிறார்கள். தைப்பூசம் முடிந்து சில நாள் கழித்துத்தான் பழனி சேருவார்கள். மற்ற எல்லாரும் ராத்திரி மலையிறங்கியாக வேண்டும், அவர்களுக்கு மட்டும் ஒரு ராத்திரி மேலே தங்கும் உரிமை இருக்கிறது. வாழைப்பழமும் சர்க்கரையும் மலைக்கு ஏற்றி, டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயார் செய்து படைப்பார்கள். அது அவர்கள் முன்னோர் நடந்து சம்பாதித்த உரிமை. அதில் நாம் பங்கு கேட்கக் கூடாது.

ஆனால் அந்த நாளில் அடிவாரத்தில் தங்கலாம், அதற்கு யார் தடை? நான் ஒரு வருடம் தங்கினேன். கிரிவீதியில் ஒரு மண்டபத்தின் மொட்டை மாடியில் இடம் கிடைத்தது. இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டி எழுந்து பார்த்தேன். உச்சியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் மேளச் சத்தம் கேட்டது. தங்கப் போகிறீர்கள் என்றால் மத்தியானத்துக்குள் இடம் பிடித்துவிடுங்கள், சாயங்காலத்துக்கு மேல் கிடைக்காது.