மருத்துவர் பதில்: அப்பாவின் மறைவைத் தாங்கிய மனம் கணவரின் மறைவை ஏற்க மறுப்பது ஏன்?

கணவரை இழந்த நீங்கள் உங்கள் கடிதத்தில் முடி கொட்டுவதைப் பற்றியும் மறதியைப் பற்றியும் எழுதும்போது, இரண்டுக்கும் நடுவே, ‘அவர் போன இடத்துக்கே நானும் போய்விட்டால் தேவலை என்று சில இரவுகளில் தோன்றுகிறது’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மற்றக் கேள்விகளுக்கு அடுத்த மாதம்கூடப் பதில் சொல்லலாம்; இதற்கு அப்படிக் காத்திருக்க முடியாது. துணையை இழந்தவர்களுக்கு இத்தகைய எண்ணம் வந்து போவது அரிதல்ல. ஆனால் கணவர் மறைந்து 18 மாதங்கள் ஆன பிறகும் அது தொடர்கிறது என்பதும், மாமியாருக்கு எழுதிக்கொடுத்த அல்ப்ரஸோலம் தூக்க மாத்திரையை நீங்களே கடையில் வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்பதும் ஒரே கடிதத்தில் வரும்போது, அதைச் சாதாரணத் துக்கம் என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

ஆகவே இன்றே இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் உங்கள் மகனிடம் ஒப்படைத்து, தினமும் சாப்பிட வேண்டியதை மட்டும் அவர் கையால் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தில் எழுதிய அந்த வரியை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளையைக் கலங்கடிக்கக் கூடாது என்று நீங்கள் மறைப்பதுதான் அவருக்கு ஆபத்து. இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. எப்படி, எப்போது என்ற அளவுக்கு எண்ணம் போய்விட்டால் புறநோயாளிச் சீட்டுக்கெல்லாம் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டும். இரவில் பேச ஆள் தேவைப்பட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

இனி, உங்களை உண்மையில் அச்சுறுத்தும் கேள்விக்கு வருகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் அப்பா இறந்தபோது ஒரு மாதத்தில் பள்ளிக்குத் திரும்பிப் பாடம் நடத்தியவர் நீங்கள். இப்போது தலைத்திவசமும் கொடுத்து முடித்த பிறகு, ‘இன்னுமா?’ என்று நாத்தனார் கேட்கிறார். நமக்குப் புத்தி பேதலிக்கிறதோ என்று நீங்களும் பயப்படுகிறீர்கள். இல்லை. அப்பாவையும் கணவரையும் இழந்தவர் ஒருவரேயானாலும், அந்த இரண்டு இழப்புகளும் ஒரே வகையானவை அல்ல. உங்கள் அப்பா 82 வயதில், பல மாதங்கள் படுக்கையில் இருந்து, பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்துக்கொள்ள, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். அவர் உயிரோடு இருந்தபோதே நீங்கள் துக்கத்தில் பாதியைக் கடந்துவிட்டீர்கள். கணவரோ இரவு பத்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாய்வு என்று நினைத்துச் சோடாவும் ஜெலுசிலும் கொடுத்தீர்கள். விடிவதற்குள் அவர் இல்லை.

ஆறாமல் இருப்பது அந்தச் சோடா பாட்டில்தான் என்று நினைக்கிறேன். எதிர்பாராத மரணம், குழந்தையின் மரணம், தற்கொலை அல்லது விபத்தால் நேர்ந்த மரணம், அன்றாட வாழ்க்கை முழுவதையும் தாங்கி நின்றவரின் மரணம் ஆகியவற்றில் துக்கம் நீள்வது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட ஒன்று. அவற்றோடு குற்ற உணர்வும் சேர்ந்தால், மனம் இழப்பை ஏற்கும் வேலையை நிறுத்திவிட்டு, ‘அப்படிச் செய்திருந்தால்’ என்ற விசாரணையிலேயே உட்கார்ந்துவிடுகிறது. முள்ளை உள்ளே வைத்துக்கொண்டு மேல்தோல் மூடிய புண்ணுக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் பார்ப்பதில் பயனில்லை. அன்று உடனே அழைத்துச் சென்றிருந்தால் பிழைத்திருப்பாரா என்பதற்கு விடை கிடைக்கப் போவதில்லை. தம் நெஞ்சு வலியையே வாய்வு என்று ஒதுக்கிய மருத்துவர்கள் உண்டு என்பதையும், விடிந்த பிறகு உங்களுக்குத் தெரியவந்ததை வைத்து இரவு பத்து மணிக்கு இருந்த உங்களைத் தண்டித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதையும் மட்டும் சொல்கிறேன்.

துக்கத்தை நீட்டும் இன்னொரு காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. படுக்கையறைக்குள் போகாமல் 18 மாதங்களாகக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறீர்கள். அன்றிரவு அவரைக் கொண்டுபோன மருத்துவமனை இருக்கும் தெருவைத் தவிர்ப்பதற்காகப் பள்ளிக்குச் சுற்றுவழியில் பேருந்து மாறிப் போகிறீர்கள். அவருடைய சட்டை துவைக்காமல் பீரோவில் இருக்கிறது. சட்டை இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் தீங்கில்லை. அறையையும் தெருவையும் தவிர்ப்பதுதான் சிக்கல். தவிர்க்கும்போது அந்த நேரத்துக்கு நிம்மதி கிடைக்கிறது; ஆனால் அங்கே போனாலும் தாங்கிக்கொள்ள முடியும் என்பதை அறியும் வாய்ப்பு மனத்துக்குக் கிடைக்காமலே போகிறது.

இந்த நிலைக்கு நீடித்த துக்கக் கோளாறு என்று பெயர். 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது. ஆறு மாதங்களுக்கு மேலாகியும், அவரவர் சமூகமும் சமயமும் எதிர்பார்க்கும் அளவைக் கடந்தும் ஏக்கம் தணியாமல், வேலையும் உறவும் முடங்கிக் கிடந்தால்தான் இந்தப் பெயரைப் பயன்படுத்துகிறோம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதங்கள் என்கிறது. உறவினரை இழந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது வருகிறது. உங்களுக்கு இருப்பது இதுவா, மனச்சோர்வு நோயா, இரண்டுமா என்பதை நேரில் பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிகிச்சை இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கேத்ரின் ஷியர் வகுத்த முறையில், வாரம் ஒன்றாக ஏறத்தாழ 16 அமர்வுகள் நடக்கும். அந்த இரவில் நடந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு நீங்களே சொல்லி, அதன் பதிவை வீட்டில் திரும்பக் கேட்க வேண்டும். தவிர்த்த இடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போக வேண்டும். அவரிடம் சொல்ல நினைத்ததை, அவர் எதிரே இருப்பதாக எண்ணிச் சொல்ல வேண்டும். கேட்கவே கடினமாக இருக்கும். உடனிருந்து நடத்தப் பயிற்சி பெற்றவர் வேண்டும். மாத்திரை மட்டும் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். 2016இல் வெளியான ஷியர் குழுவினரின் ஆய்வில், சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை தனியாகத் துக்கத்தைக் குறைக்கவில்லை. இந்தச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைத்தது.

மற்றவை எல்லாம் சில்லறை. மாலையில் அவருடைய வண்டிச் சத்தம் கேட்பது பைத்தியத்தின் தொடக்கமல்ல. வேல்ஸில் நடத்தப்பட்டு 1971இல் வெளியான ஓர் ஆய்வில் துணையை இழந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர், இறந்தவர் அருகில் இருப்பதாக ஏதோ ஒரு வகையில் உணர்ந்ததாகச் சொன்னார்கள். முடிக்கு ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துக்கொள்ளுங்கள். துக்கத்தின் ‘ஐந்து கட்டங்களில்’ (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) இரண்டாவதிலேயே நின்றுவிட்டதாகக் கவலைப்படுகிறீர்கள். எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் அவற்றை எழுதியது சாகப்போகும் நோயாளிகளைப் பற்றி, அதுவும் தேர்வு அட்டவணையாக அல்ல. துக்கம் மூளையைச் சுருக்கிவிடும் என்று யூடியூபில் சொன்னவரை இனிமேல் பார்க்காதீர்கள்.

உங்கள் மறதிக்குக் காரணம் நீங்கள் சாப்பிட்டுவரும் அந்த அல்ப்ரஸோலம் மாத்திரையாகவே இருக்கலாம். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, விற்றால் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டிய எச்1 அட்டவணை மருந்து அது. கடைக்காரர் தெரிந்தவர் என்பதற்காகக் கொடுத்ததும் தவறு, வாங்கியதும் தவறு. இதைப் படித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம்: பல மாதங்கள் சாப்பிட்டுவிட்டுச் சட்டென நிறுத்தினால் நடுக்கமும் பதற்றமும் வரும், சிலருக்கு வலிப்பே வரும். அட்டையை எடுத்துச் சென்று மனநல மருத்துவரிடம் காட்டினால் அவர் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். மாமியாருக்கு அது இன்னும் தேவையா என்பதையும் அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். வயதானவர்கள் அதைச் சாப்பிட்டுவிட்டு இரவில் கழிப்பறைக்கு எழுந்தால் விழுந்து எலும்பை முறித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.