அரங்கு நிறைந்தது, குரல் எட்டவில்லை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

லண்டனில் பத்து வருடமாக இருக்கிறேன். போன மாதம் குடும்பத்தோடு நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்டில் ஓர் இசை நாடகம் பார்த்தோம். நாடகத்தின் பெயர் வேண்டாம். நாயகனாக நடித்தவர் பிரபலமான பாப் பாடகர். மகளுக்கு அவர் என்றால் உயிர். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய கச்சேரிக்கும் போயிருக்கிறோம். பல்லாயிரம் பேர் கூடிய இடத்தில் கூரை அதிரப் பாடியவர், ஆயிரம் இருக்கை கொண்ட அரங்கில் காணாமல் போய்விட்டார். வசனம் பாதி கேட்கவில்லை. இடைவேளைக்குப் பின் தொண்டை கட்டிவிட்டது. சின்ன வேடத்தில் வந்த ஒரு பெண் பாடியதுதான் இன்னும் காதில் நிற்கிறது. டிக்கெட் விற்பதற்காகத்தான் இப்படிச் செய்கிறார்களா? முறையாகப் பயின்ற நாடக நடிகர்களின் வயிற்றில் அடிக்கிற வேலை இல்லையா இது? நன்றாகப் பாடுகிறவரால் அங்கே ஏன் பாட முடியவில்லை?

ஒரு வாசகர், லண்டன்

*

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

கச்சேரியில் அவர் கையில் பிடித்திருந்த மைக் உதட்டிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருந்திருக்கும். அவ்வளவு நெருக்கத்தில் அந்த வகை மைக் குரலின் கீழ்ப்பகுதியைத் தானாகவே கனமாக்கிக் கொடுக்கும். கிசுகிசுத்தால்கூடக் காதோரம் பேசுவதுபோல இருக்கும். பாப் பாட்டின் பாணியே இந்த நெருக்கத்தில் வளர்ந்ததுதான்: மூச்சு கலந்த குரல், வரியின் கடைசியில் கரைந்துபோகும் சொல், ஓங்கிப் பாடும்போது மைக்கைச் சற்று விலக்கிக்கொள்வது. அவர்களுக்கு மைக் ஒரு வாத்தியம். நாடகத்தில் அந்த வாத்தியத்தைப் பிடுங்கிவிடுகிறார்கள். பச்சைப்பயறு அளவுள்ள ஒரு மைக்கை விக்கின் விளிம்பில், நெற்றிக்கு மேலே ஒட்டிவிடுகிறார்கள். டிபிஏ 4061 போன்ற இந்த மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அளவில் ஒலி வாங்கும். நெருக்கத்தால் வருகிற கனம் இதில் கிடையாது. உதட்டுக்கும் இதற்கும் பதினைந்து, பதினாறு சென்டிமீட்டர் இடைவெளி. தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு தடவையும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். 2 சென்டிமீட்டர் 4 ஆகி, 8 ஆகி, 16 ஆகும்போது 18 டெசிபெல் போய்விட்டது. மிக்ஸரில் ஏற்றி ஈடுகட்டலாமே என்று தோன்றும். ஏற்றினால் பக்கத்தில் நிற்பவர் குரலும் டிரம்ஸும் சேர்ந்தே ஏறும்; இன்னும் ஏற்றினால் ஸ்பீக்கர் ஊளையிடும். மூச்சுக் குரலில் பாடுகிறவருக்கு ஒலிப் பொறியாளர் செய்யக்கூடிய உதவி கொஞ்சம்தான்.

வசனம் கேட்காமல் போனதற்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும். பெரிய இசை நாடகத்தில் இருபது பேருக்கு மைக் மாட்டியிருந்தாலும் ஒரு சமயத்தில் திறந்திருப்பது பேசுகிறவருடைய மைக் மட்டும்தான். ஒலிப் பொறியாளர் பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை வரிக்கு வரி ஏற்றி இறக்குகிறார். ஒரு நடிகர் எங்கே மூச்சு எடுப்பார், எந்தச் சொல்லில் அவசரப்படுவார் என்பது அவருடைய விரலுக்குப் பழகியிருக்கும். புது ஆள் வந்தால் அந்தப் பழக்கத்தை முதலிலிருந்து ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அதுவரை வரியின் முதல் அசை விழுங்கப்பட்டுக்கொண்டே இருக்கும். வேர்வை இன்னொரு தொல்லை. நெற்றியிலிருந்து ஒரு துளி இறங்கி மைக்கின் வாயை அடைத்தால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும். அதனால்தான் முக்கிய வேடங்களுக்கு இரண்டு மைக், இரண்டு டிரான்ஸ்மிட்டர் வைப்பார்கள்.

தொண்டை கட்டியதற்குக் காரணம் காதில் இருக்கிறது. கச்சேரியில் இரண்டு காதிலும் செருகியிருக்கும் இயர்போனில் தன் குரலை அவர் தெளிவாகக் கேட்டுக்கொண்டே பாடுவார். நாடகத்தில் பெரும்பாலும் அது கிடையாது. மேடையோரத்து ஸ்பீக்கரில் வருவதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். ரசிகர்கள் கூச்சலிட்டால் அதுவும் கேட்காது. தன் குரல் தனக்குக் கேட்காதபோது எந்த மனிதனும் தன்னை அறியாமல் சத்தத்தைக் கூட்டுவான். முதல் பாதியில் அப்படி இறுக்கிப் பாடியதன் விலையை இரண்டாம் பாதியில் கொடுத்திருக்கிறார். அதுவும் வாரத்துக்கு எட்டுக் காட்சி, ஆறு நாளில். இரண்டு நாட்களில் மதியமும் இரவும். கச்சேரிப் பயணத்தில் ஒரு நாள் பாடினால் மறுநாள் ஓய்வு வைத்துக்கொள்ளலாம், கடினமான வரியில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடலாம். நாடகத்தில் அதற்கு வழியே இல்லை. போதாக்குறைக்கு ஓங்கிப் பேசும் வசனம் வேறு. பாட்டைவிடப் பேச்சுதான் பல பாடகர்களின் தொண்டையைத் தேய்க்கிறது. பாடப் பயிற்சி எடுத்தவர்கள் பேசப் பயிற்சி எடுத்திருப்பதில்லை.

சரி, சுருதியை இறக்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். இறக்குகிறார்கள். ஆனால் நம் மேடைக் கச்சேரியில் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்துவதுபோல அது முடிவதில்லை. இரண்டரைக் கட்டையில் எழுதிய ஒரு பாட்டை நட்சத்திரத்துக்காக ஒரு கட்டைக்கு இறக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வயலினில் ஆக அடியில் இருக்கும் ஜி தந்திக்குக் கீழே ஸ்வரம் கிடையாது. பழைய பாட்டில் ஜி-யைத் தொட்ட இடமெல்லாம் இப்போது இல்லாத ஸ்வரத்தைக் கேட்கிறது. அதை ஒரு ஸ்தாயி மேலே தூக்க வேண்டும். தூக்கினால் இருட்டாக இருக்க வேண்டிய இடம் பளிச்சென்று ஆகிவிடும். முந்தின காட்சியின் பின்னணி இசை இரண்டரைக் கட்டைக்குப் போய்ச் சேரும்படி எழுதப்பட்டிருக்கும். அந்தக் கடைசி நான்கு மாத்திரைகளை மாற்றி எழுத வேண்டும். ஜோடிப் பாட்டாக இருந்தால் இன்னும் சிக்கல். இவருக்கு வசதியான சுருதியில் எதிரில் நிற்கும் பெண்ணுக்குக் குரல் அடியில் போய் மாட்டிக்கொள்ளும். பதிவு செய்த கோரஸ் ஓடுகிற நாடகம் என்றால் அதையும் மறுபடி பதிய வேண்டும். இவ்வளவும் முடிந்து, ஒரு நாள் அவர் வராவிட்டால்? அவருக்குப் பதில் பாடும் அண்டர்ஸ்டடி தன் குரலுக்கு ஒவ்வாத அந்தச் சுருதியிலேயே பாடியாக வேண்டும், இல்லையென்றால் வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவரும் இரண்டு கோப்பு வைத்திருந்து அன்றைக்கு மாற்றிப் போட வேண்டும்.

ஆனாலும், நட்சத்திரத்தின் குரலுக்காகக் கை வைத்தது நாடகத்துக்கே வரவாக அமைந்ததும் உண்டு. 1998-இல் பாடகி டோனி பிராக்ஸ்டன் நியூயார்க்கின் பிராட்வேயில் ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ நாடகத்தில் நாயகி பெல்லாக வந்தபோது இசையமைப்பாளர் ஆலன் மென்கனும் பாடலாசிரியர் டிம் ரைஸும் அவருக்காக ‘எ சேஞ்ச் இன் மீ’ என்ற புதுப் பாட்டை எழுதினார்கள். அவர் போன பிறகும் அந்தப் பாட்டு நாடகத்திலேயே தங்கிவிட்டது.

ஒத்திகைக்கு வருகிறேன். என் கோபம் முழுவதும் இங்கேதான். புது நாடகம் என்றால் நான்கிலிருந்து ஆறு வாரம் ஒத்திகை, பிறகு விளக்கு, ஒலி எல்லாம் சேர்த்து மேடை ஒத்திகை, அதற்குப் பிறகு முன்னோட்டக் காட்சிகள். ஓடிக்கொண்டிருக்கும் நாடகத்தில் இடையில் நுழைகிறவருக்கு இரண்டு மூன்று வாரம் கிடைத்தாலே அதிகம். அதுவும் ஓர் அறையில், பியானோ வாசிப்பவரோடும் நடனத் தலைவரோடும். தரையில் கலர் டேப் ஒட்டிக் கதவு இங்கே, படி இங்கே என்று காட்டியிருப்பார்கள். முழுக் குழுவோடும் ஒத்திகை பெரும்பாலும் ஒரே ஒரு மதியம்தான். ‘புட்-இன்’ என்பார்கள். புதியவர் மட்டும் வேடத்தில் இருப்பார், மற்றவர்கள் சாதாரண உடையில் வந்து தங்கள் இடத்தில் நின்றுவிட்டுப் போவார்கள். அடுத்தது நேராக ஜனங்கள் முன்னால். பிறந்ததிலிருந்து நாடகத்தில் ஊறியவருக்கே இது கஷ்டம். எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்டு அதற்கேற்ப முகம் மாறுகிற பழக்கமே இல்லாத ஒருவரை இப்படித் தள்ளிவிட்டு, பிறகு அவருக்கு நடிக்கத் தெரியவில்லை என்று எழுதுவது நியாயமே இல்லை.

அப்படியானால் யார் ஜெயிக்கிறார்கள்? பாத்திரமே மேடைக் கலைஞராக இருக்கும்போது பாப் பாடகர்கள் வீட்டுக்கு வந்ததுபோல ஆகிவிடுகிறார்கள். ‘சிகாகோ’வின் ராக்ஸி ஹார்ட் புகழுக்கு ஏங்குகிற பெண், ஜனங்களைப் பார்த்தே பேசுகிறாள், பாடுகிறாள். 1996-இல் பிராட்வேயில் மறுபடி மேடையேறிய அந்த நாடகத்தில் செட் என்று பெரிதாக எதுவும் இல்லை. இசைக்குழு மேடையிலேயே உட்கார்ந்திருக்கும், உடையெல்லாம் கறுப்பு, கனமான நடனத்தைக் குழுவினர் சுமந்துகொள்வார்கள். அதனால்தான் மிஷெல் வில்லியம்ஸ், பிராண்டி, மெல் பி என்று பாப் பாடகிகளை ஒருவர் மாற்றி ஒருவராக அது தாங்கிக்கொண்டது. வக்கீல் பில்லி ஃபிளினாகப் பாடகர் அஷர் வந்தார். ‘கேபரே’ நாடகத்தில் இரவு விடுதி நிகழ்ச்சியை நடத்தும் எம்ஸியும் அதே இனம்: பாடகர் வில் யங் 2012-இல் உங்கள் ஊரில் செய்து, லண்டன் நாடகங்களுக்கான ஆலிவியர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 2024-இல் நியூயார்க்கில் பாடகர் ஆடம் லாம்பர்ட் செய்தார்.

பாப் பாடகி நிக்கோல் ஷெர்ஸிங்கரின் கதை இதைவிடப் பெரியது. ‘சன்செட் புலவார்ட்’ நாடகத்தில் அவர் பழைய சினிமா நட்சத்திரம் நார்மா டெஸ்மண்டாக வந்தபோது இயக்குநர் ஜேமி லாய்ட் மாளிகை, மாடிப்படி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மேடையில் கேமராவைக் கொண்டுவந்தார். நிக்கோலின் முகம் பிரம்மாண்டமான திரையில் விழுந்தது. கேமரா முன்னால் வாழ்ந்து பழகியவருக்கு அதைவிடப் பொருத்தமான மேடை இல்லை. 2023-இல் லண்டன் சவாய் அரங்கில் தொடங்கியது. 2024-இல் ஆலிவியர் விருது, பிராட்வேக்குப் போய் 2025-இல் அங்கத்திய பெரிய விருதான டோனி. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் கல்லூரியில் நாடகம் படித்தவர். எட்டுக் காட்சியையும் அவர் தலையில் கட்டவும் இல்லை. லண்டனில் ரேச்சல் டக்கரும் நியூயார்க்கில் மேண்டி கன்சாலஸும் குறிப்பிட்ட காட்சிகளில் நார்மாவாக வருவார்கள் என்று அறிவித்தே டிக்கெட் விற்றார்கள். குரலுக்கும் அது நல்லது, பார்வையாளருக்கும் அது நேர்மை.

டிக்கெட் விற்கத்தானா என்று கேட்டீர்கள். ஆமாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 1993-இல் ‘பிளட் பிரதர்ஸ்’ பிராட்வேயில் தடுமாறியபோது பாடகி பெட்டுலா கிளார்க்கைத் தாயாகவும், பாடகர்களான டேவிட் காசிடி, ஷான் காசிடி என்ற சகோதரர்களைப் பிரிந்துபோன இரட்டையராகவும் கொண்டுவந்தார்கள். நாடகம் 1995 வரை ஓடியது. அந்த நாட்களுக்கும் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் சம்பளம் வந்தது. வயிற்றில் அடிக்கிற வேலை என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

அடிப்பது எப்போது என்றால், அந்தப் பெயர் இல்லாமல் நாடகமே இல்லை என்று ஆகும்போது. ‘நடாஷா, பியர் அண்ட் த கிரேட் காமெட் ஆஃப் 1812’ என் நெஞ்சுக்கு நெருக்கமான நாடகம். டேவ் மல்லாய் எழுதி, முதலில் தானே பியராகப் பாடி, சின்ன அரங்குகளில் வளர்த்தெடுத்தது. 2016 நவம்பரில் பிராட்வேயில் பிரபல பாடகர் ஜோஷ் குரோபன் பியராக வந்தார். அந்த வேடத்துக்காக அக்கார்டியன் கற்றுக்கொண்டார், அருமையாகப் பாடினார்; அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. வாரம் பத்து லட்சம் டாலருக்கு மேல் வசூல். அந்த வருடம் அதிகபட்சமாகப் பன்னிரண்டு டோனி பரிந்துரைகள் அந்த நாடகத்துக்குத்தான். 2017 ஜூலை 2-ஆம் தேதி அவர் விலகினார். அடுத்து அந்த வேடத்துக்கு அமர்த்தப்பட்டவர் ஓகியரியேட்டே ஓனாடோவன், ‘ஹாமில்டன்’ இசை நாடகத்தின் முதல் குழுவில் இருந்த திறமைசாலி. ஆனால் முன்பதிவு சரிந்தது. அவருடைய காலத்தைச் சுருக்கிவிட்டு மூத்த நாடக நடிகர் மேண்டி பட்டின்கின் வருவதாக அறிவித்தார்கள். கறுப்பின நடிகர் ஒருவரை இப்படி நகர்த்துவதா என்று எதிர்ப்புக் கிளம்ப, சில நாட்களில் பட்டின்கின் விலகிக்கொண்டார். செப்டம்பர் 3-ஆம் தேதி நாடகம் மூடப்பட்டது. ஏறக்குறைய எட்டு மாதம் குரோபன் பெயரை மட்டும் பெரிதாக விற்றார்களே தவிர, அந்த நாடகம் எதைப் பற்றியது என்று ஊருக்குச் சொல்லவில்லை. அடுத்தவருக்காகக் காத்திருக்க ஒரு கூட்டத்தையும் உருவாக்கவில்லை. குரோபன் ஓய்வெடுத்த நாட்களில் வாரம் இரண்டு காட்சியை இன்னொருவருக்கு முன்பே கொடுத்து விளம்பரப்படுத்தியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

நீங்கள் அடுத்த முறை டிக்கெட் வாங்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். நட்சத்திரம் எந்தெந்தக் காட்சிகளில் வரமாட்டார் என்பதை நாடகத்தின் தளத்தில் பெரும்பாலும் போட்டிருப்பார்கள்; கட்டணம் செலுத்துவதற்கு முன் பாருங்கள். அவர் சேர்ந்த முதல் வாரத்தைத் தவிருங்கள், மூன்றாம் வாரத்துக்குப் பிறகு போங்கள். இரண்டு காட்சி நாளில் இரவுக் காட்சி வேண்டாம். நியூயார்க்கில், நாடகத்தின் தலைப்புக்கு மேலே பெயர் போட்ட நடிகர் வரவில்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். லண்டனில் பெரும்பாலும் அந்த உரிமை கிடைக்காது, விதிமுறையில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கும்.

உங்கள் காதில் நிற்கிற அந்தப் பெண்ணின் பெயர் நிகழ்ச்சிப் புத்தகத்தில் இருக்கும். எந்தப் பெரிய வேடத்துக்கு அவர் அண்டர்ஸ்டடி என்பதையும் அதிலேயே போட்டிருப்பார்கள். அப்படி ஒரு வேடம் இருந்தால், அவர் அதில் வரும் நாளை அவரோ குழுவோ இணையத்தில் சொல்வதுண்டு. மகளை அழைத்துக்கொண்டு அன்றைக்கு ஒரு தடவை போய்வாருங்கள்.