பட்டறைப் பதில்கள்: எக்ஸ்காலிபர் ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?

போன இதழில் எக்ஸ்காலிபர் காரின் படத்தைப் போட்டு இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கே பை நிறையக் கடிதம். இந்த முறை வேறு வண்டிகளுக்கு இடமில்லை. கார்பரேட்டர் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

கேள்வி: மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது மில்வாக்கியில் ஒரு கார் கண்காட்சிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே 1930 வாக்கில் வந்த மெர்சிடிஸ் மாதிரி ஒன்று நின்றது. நீள பானெட், அதன் பக்கவாட்டில் வளைந்து இறங்கும் குழாய்கள், மட்கார்டு மேல் ஸ்டெப்னி. உரிமையாளர் பானெட்டைத் திறந்தால் உள்ளே செவர்லே எஞ்சின்! 1977 மாடல் என்கிறார். இது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா? — ஓய்வு பெற்ற ஆசிரியர், ஈரோடு

பதில்: ஐயா, நீங்கள் பார்த்தது அந்தக் காரின் சொந்த ஊரிலேயே. எக்ஸ்காலிபரைக் கட்டியது மில்வாக்கியில்தான். அமெரிக்காவில் இந்த ரகத்துக்கு நியோகிளாசிக் என்று பெயர்: உருவம் முப்பதுகளுடையது, உள்ளே ஓடுவதெல்லாம் அந்தந்தக் காலத்து எஞ்சினும் கியர்பாக்ஸும்.

கதை 1963 டிசம்பரில் தொடங்குகிறது. ஸ்டூடிபேக்கர் என்ற அமெரிக்கக் கார் கம்பெனி சவுத் பெண்ட் ஊரில் இருந்த தன் பெரிய தொழிற்சாலையை மூடிவிட்டு, மிச்ச உற்பத்தியைக் கனடாவுக்குக் கொண்டு போனது. அவர்களுக்கு வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த புரூக்ஸ் ஸ்டீவன்ஸுக்கு ஒரு கவலை. 1964 ஏப்ரலில் நியூயார்க் கார் ஷோ வருகிறது, ஸ்டூடிபேக்கர் அரங்கில் ஜனங்கள் நின்று பார்க்க ஒன்றுமே இல்லை. 1928-இல் வந்த மெர்சிடிஸ் எஸ்எஸ்கே மேல் அவருக்குத் தீராத காதல். அதன் சாயலில் ஒரு திறந்த காரைச் சில வாரங்களில் மகன்களை வைத்தே கட்டிவிட்டார். அடியில் இருந்தது ஸ்டூடிபேக்கரின் லார்க் டேடோனா கன்வெர்டிபிள் (கூரையை மடக்கித் திறக்கும் கார்) சேஸிஸ், அதாவது அடிச்சட்டம்.

கன்வெர்டிபிள் சேஸிஸை ஏன் எடுத்தார் என்பது எங்கள் தொழில்காரர்களுக்குச் சட்டென்று புரியும். கல்யாண ஊர்வலத்துக்காக யாரோ கூரையை வெட்டிய ஃபியட் ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. நான்கு பேர் ஏறி உட்கார்ந்தால் கதவு திறக்காது, இறங்கினால்தான் திறக்கும்! ஃபியட்டில் தனி சேஸிஸ் கிடையாது, கூரையும் சேர்ந்துதான் பாரம் தாங்குகிறது. அதை எடுத்துவிட்டால் வண்டி நடுவில் தொய்கிறது. லார்க் கன்வெர்டிபிளில் அந்தக் குறையை ஈடுகட்ட, சட்டத்தின் நடுவில் பெருக்கல் குறி போலக் குறுக்குக் கட்டை கொடுத்துப் பலப்படுத்தியிருந்தார்கள். கூரையில்லாத காருக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஷோ நெருங்கும் நேரத்தில் ஸ்டூடிபேக்கர் பின்வாங்கிவிட்டது. சிக்கனமான, நடைமுறைக்கேற்ற கார் விற்கும் கம்பெனி என்று பெயர் வாங்க நினைத்தவர்களுக்கு இந்த ஆடம்பரம் ஒத்துவரவில்லை. ஸ்டீவன்ஸ் தனியாக இடம் பிடித்து நிறுத்தினார், கூட்டம் மொய்த்தது. உடனே மகன்கள் இருவரும் கம்பெனி ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்டூடிபேக்கர் எஞ்சின் இனிக் கிடைக்காது என்பதால் செவர்லேயின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸிடம் கேட்டு, செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் கார் கார்வெட்டுக்குப் போடும் 5.4 லிட்டர், 300 குதிரைசக்தி வி8 எஞ்சினை வாங்கினார்கள். 1977 மாடல் என்றால் அது மூன்றாம் சீரிஸ். அதில் இன்னும் பெரிய 7.4 லிட்டர். அந்தச் சீரிஸில் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் கார்கள்தான்.

டூப்ளிகேட் என்றால் ஏமாற்ற வேண்டும். இதன் ரேடியேட்டரில் மெர்சிடிஸ் நட்சத்திரம் இல்லை, வட்டத்துக்குள் ஒரு வாள் இருக்கும். அசல் எஸ்எஸ்கே நாற்பதுகூடக் கட்டப்படவில்லை. அதைப் பார்த்து ஆசைப்பட்ட ஒருவர் தன் பெயரில் செய்த கார் இது. என்னைக் கேட்டால், ஒரிஜினல் எக்ஸ்காலிபர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

கேள்வி: அந்தப் பக்கவாட்டுக் குழாய்களில் நிஜமாகவே புகை போகுமா? — கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: எஸ்எஸ்கேயில் போனது, தம்பி. அது சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வைத்த ஏழு லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின். பானெட்டுக்குள் சூடு தாங்காது. அதனால் எக்ஸாஸ்டை வலப் பக்கமாக வெளியே எடுத்து, வளையும் உலோகக் குழாய்களில் கீழே இறக்கினார்கள். பின்னால் வந்த நியோகிளாசிக் கார்கள் பலவற்றில் அது வெறும் நகை. கண்டுபிடிப்பது சுலபம்: எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டு. அனல் அடிக்கவில்லை என்றால் நகைதான். தொட்டுப் பார்க்காதே, நிஜமாக இருந்துவிட்டால் தோல் உரியும்.

கேள்வி: எஞ்சின் ஒருவருடையது, சேஸிஸ் இன்னொருவருடையது. அப்புறம் இதில் கைவேலை எங்கே? சும்மா விலை ஏற்றச் சொல்வதுதானே? — சந்தேகப் பிராணி, மதுரை

பதில்: நியாயமான சந்தேகம். இதற்கு எக்ஸ்காலிபரை விட கிளெனே நல்ல உதாரணம். பிரான்சில் பிறந்த வடிவமைப்பாளர் ஆலன் கிளெனே, கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் 1970-களின் நடுவில் ஆரம்பித்த கம்பெனி. முதல் சீரிஸில் 250 கார்கள் மட்டும். அதன் கதவையும் முன் கண்ணாடியையும் உற்றுப் பார்த்தால், எம்ஜி மிட்ஜெட் என்ற குட்டி பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் கதவும் கண்ணாடியும் அப்படியே இருக்கும். எஞ்சின் ஃபோர்டு வி8. உட்காருகிற இடம் மிட்ஜெட்டுடையது என்பதால், ஆறடி ஆள் முழங்காலை மடக்கித்தான் உள்ளே போக வேண்டும். வெளியே கப்பல், உள்ளே ஓடம்.

ஆனால் கண்ணாடியும் கதவும் வாங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. பட்டறையில் செய்யவே கூடாதவை அவை இரண்டும். வளைந்த பாதுகாப்புக் கண்ணாடியை 250 காருக்காக வார்க்க முடியாது. கதவு என்றால் கீல், பூட்டு, ரப்பர், தண்ணீர் இறங்கும் வழி என்று தலைவலி. அதையெல்லாம் பெரிய தொழிற்சாலையிடம் விட்டுவிட்டு, அந்த இரண்டு கதவுகளுக்கும் முன்னால் ஆளுயர பானெட்டும், ஒரே அலையாக ஓடும் மட்கார்டும் பொருந்தும்படி செய்வதுதான் வேலை. கதவின் மேல்கோடு பானெட்டின் கோட்டோடு ஓர் உடைசலும் இல்லாமல் சேர வேண்டும். அந்தக் கோடு கால் அங்குலம் தப்பினாலும் கார் கார்ட்டூன் ஆகிவிடும். அங்கேதான் கை தெரிகிறது. அப்புறம் பட்டி, தேய்ப்பு, பெயிண்ட், மறுபடியும் தேய்ப்பு. விலையில் பெரும் பங்கு அதற்குத்தான் போகிறது.

கேள்வி: எல்விஸ் பிரெஸ்லி வைத்திருந்தது எக்ஸ்காலிபர்தானே? — திருச்சி வாசகி

பதில்: இல்லை அம்மா, நீங்கள் நினைப்பது ஸ்டுட்ஸ் பிளாக்ஹாக். 1970-இல் முதலில் வாங்கியவரே அவர்தான். வர்ஜில் எக்ஸ்னர் என்ற வடிவமைப்பாளர் வரைந்தது, பான்டியாக் சேஸிஸ் மேல் இத்தாலியில் பாடி கட்டியது. அது கூரை போட்ட கார்.

கேள்வி: ஸ்டீவன்ஸ் வேறு ஏதாவது செய்தாரா? — பெயர் போடாத வாசகர்

பதில்: மூக்கே இல்லாத மகிந்திரா எஃப்.சி. வேனைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஜீப் ரகத்தை வரைந்தவர் இவர். பொருள் தேய்வதற்கு முன்பே வாங்கியவனுக்குப் புதிதின் மேல் ஆசை வர வேண்டும் என்று 1950-களில் ஊர் ஊராக மேடையேறிப் பேசியவரும் இவரே. அப்படிப்பட்ட ஆள் முப்பத்தாறு வருஷப் பழைய காரின் உருவத்தைத் தேடிப் போனார் பாருங்கள்!

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு நியோகிளாசிக் வாங்கத் துடிக்கிறான். மூன்றாம் சீரிஸ் எக்ஸ்காலிபர் ஒன்று, சிம்மர் கோல்டன் ஸ்பிரிட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். எதைப் பார்த்து வாங்கச் சொல்வது? — சேலம்

பதில்: எஞ்சினைப் பற்றிக் கவலையே வேண்டாம். செவர்லேயும் ஃபோர்டும் அந்த ஊர் மூலைக்கடையில் கிடைக்கும். பயப்பட வேண்டியது மற்றதற்கு.

சிம்மர் என்பது ஃபோர்டு மஸ்டாங்கை நீட்டிச் செய்தது. வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். கதவுக்கு முன்னால் சட்டத்தை நீட்டிய இடத்தில் வெல்டிங் எப்படி இருக்கிறது, துரு ஓடியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்காலிபர் பாடி ஃபைபர்கிளாஸ், துருப்பிடிக்காது. அதனால்தான் ஆபத்து. மேலே பளபளவென்று இருக்கும், கீழே இரும்பு அரித்திருக்கும். மட்கார்டில் போல்ட் இறங்கும் இடங்களில் நட்சத்திரம் போல மெல்லிய விரிசல் இருந்தால், எப்போதோ இடி வாங்கிய வண்டி என்று சந்தேகப்படலாம். துணிக் கூரையை இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பார்க்கட்டும். குரோம் உரிந்திருந்தால் விலையை நன்றாகக் குறைத்துக் கேட்கட்டும், அத்தனை சாமானுக்கும் முலாம் பூச ஆகும் செலவில் தலை சுற்றிவிடும்.

எக்ஸ்காலிபர் கம்பெனி 1986-இல் திவாலானது, பிறகு பல கை மாறியது. ஆகவே சேஸிஸ் எண் பலகையும் உரிமைப் பத்திரமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

இரண்டில் ஒன்று சொல் என்றால் எக்ஸ்காலிபர். ஆனால் விலை ஏறும் என்று கணக்குப் போட்டு வாங்குவதானால் இரண்டுமே வேண்டாம். பாதி விலைக்குப் பாழான வண்டியை எடுத்துச் சரிசெய்யும் யோசனை இருந்தால் அதையும் தடுத்துவிடுங்கள். சரிசெய்யும் செலவு நல்ல வண்டியின் விலையைத் தாண்டிவிடும். வாங்கியபின் படம் அனுப்பச் சொல்லுங்கள், பானெட் திறந்தபடி.