குறைத்த எடை திரும்ப ஏறிவிட்டது, மறுபடி தொடங்க மனமே வரவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் யாரோ எனக்குத் தெரிந்தவர்தான் வம்புக்கு எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். நீங்களும் முதல் தடவை நன்றாகவே குறைத்திருப்பீர்கள், பார்த்தவர்களெல்லாம் என்ன சாப்பிடுறீங்க என்று கேட்டிருப்பார்கள். இப்போது கல்யாண வீட்டில் அவர்கள் கண்ணில் படாமல் பந்திக்குப் போகிறீர்கள். சரிதானே?

2017-ல் நான் 94 கிலோ. கோயம்புத்தூரில் எங்கள் ஆபீஸில் பாதிப்பேர் பேலியோ டயட்டில் (அரிசி, கோதுமை, சர்க்கரையை விட்டுவிடும் உணவுமுறை) இருந்தார்கள். நானும் சேர்ந்தேன். காலையில் எண்ணி 100 பாதாம், சாயந்திரம் ரேஸ்கோர்ஸ் சாலையில் இரண்டு சுற்று நடை, அதாவது ஐந்து கிலோமீட்டர். ஏழு மாதத்தில் 76. (பேலியோ நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அந்த முறை வேலை செய்தது. இட்லியை விட்டு இருக்க முடியாமல் போனது நான்.)

அப்போது நாலு பேண்ட்டை இடுப்பு பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தால், உள்ளே மிச்சத் துணியை வெட்டாமல் மடித்துத் தைத்திருந்தார் டெய்லர். ஏன் என்று கேட்டதற்கு, "இருக்கட்டுமுங்க, பின்னால வேணும்னா பிரிச்சுக்கலாம்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! இனிமேல் அந்தக் கடைக்கே போகக் கூடாது என்று முடிவு செய்தேன்.

2020-ல் ஊரடங்கு. நடை நின்றது, வீட்டில் தினமும் நாலு மணிக்கு ஏதாவது பொரிந்தது. 2021 முடிவில் 97. அசலோடு மூன்று கிலோ வட்டி. அதே நாலு பேண்ட்டோடு அதே கடையில் போய் நின்றேன். அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

வில்பவர் இல்லை என்று இதன் கீழே எழுதப்போகிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் 'தி பிக்கஸ்ட் லூஸர்' என்று எடைக் குறைப்புப் போட்டி டிவியில் வந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்த ஆய்வு 2016-ல் வெளியானது. 13 பேருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி, அவர்கள் எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. நம் கணக்கில் சட்னியோடு மூன்று தோசை. எடை குறைத்தவர்களுக்குப் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஒரு வருஷம் கழித்தும் அடங்கவில்லை என்று 2011-ல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வும் சொன்னது. நான் டாக்டர் இல்லை. ஆனால் இதைப் படித்த அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். தைராய்டு இருந்தாலோ, ஸ்டீராய்டு, இன்சுலின் எடுத்தாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள், என் கதை உங்களுக்குப் பொருந்தாது.

2022-ல் மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் விட்டேன். காரணம் பிறகுதான் புரிந்தது. முதல் தடவை கிலோவுக்கு ஒருத்தராவது "என்னங்க, இளைச்சுட்டீங்க" என்றார்கள், அந்தப் போதையில் ஓடியது வண்டி. இரண்டாம் தடவை 97-லிருந்து 91-க்கு வந்தபோது ஒருத்தருக்கும் தெரியவில்லை. அவர்கள் மனதில் இருப்பது என் 76. "இன்னும் குறையலையா?" என்றார் பெரியப்பா. ஆறு கிலோ குறைந்தவனைப் பார்த்து!

நடக்கலாம் என்றால் இடம் வேண்டாமா? இப்போது ரேஸ்கோர்ஸ் பக்கம் இல்லை, வீடு மாறிவிட்டோம். தெருமுனையில் ஒரு மைதானம் இருக்கிறது. காலை ஏழரைக்குப் பூட்டு, சாயந்திரம் கார் ஓட்டப் பழகுகிறார்கள். மனு கொடுத்தோம். பூட்டைப் புதிதாக மாற்றினார்கள், அவ்வளவுதான். நடைபாதையில் நடக்கச் சொல்லாதீர்கள், அதில் பைக் நிற்கிறது, பைக்குக்குப் பின்னால் நாய் நிற்கிறது. சரி, அதை விடுங்கள்.

ஊக்கம் எப்படி வரும் என்று கேட்டீர்கள். எனக்கு வரவே இல்லை. ஞாயிறு காலை மட்டும் எடை பார்த்து, கிழித்த காலண்டர் தாளின் பின்னால் எழுதி அரிசி டப்பா மூடிக்குள் போட்டுவிடுவேன். சாதம் இரண்டாம் தடவை வாங்குவதில்லை. ராத்திரி சாப்பிட்டதும் மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடை. யாரிடமும் சொல்லவில்லை, பழைய போட்டோக்களையும் ஃபேஸ்புக்கில் மறைத்துவிட்டேன். இது போதுமா என்று ஜிம் போகிறவர்கள் கேட்கலாம். ஒன்றரை வருஷத்தில் 86. மெதுவுதான்.

போன மாதம் பேண்ட்டை எடுத்துக்கொண்டு டெய்லரிடம் போனேன். அளவெடுத்துவிட்டு, "மிச்சத்தை இந்தத் தடவை வெட்டிடட்டுங்களா?" என்றார். வேண்டாம், உள்ளேயே இருக்கட்டும் என்றேன்.