எடையைக் கேட்டால் ஏன் கூச்சம்?

அன்புள்ள சார்,

டென்வரில் இருக்கிறேன். வயது 46. என்னோடு வேலை பார்க்கும் அமெரிக்க நண்பர் சென்ற வருடம் தனியார் விமானி உரிமம் வாங்கியிருக்கிறார். ஜூலையில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை வாடகைக்கு எடுத்து என்னையும் மகளையும் மச்சானையும் கூட்டிப்போகிறேன் என்கிறார். ஒற்றை என்ஜின். நடுவானில் நின்றுவிட்டால்? இந்த வயதில் இதெல்லாம் தேவையா? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. நண்பர் எல்லோருடைய எடையையும் கேட்டது வேறு ஒரு மாதிரி இருந்தது. கூச்சத்தில் ஏழு கிலோ குறைத்துச் சொல்லிவிட்டேன். போகலாமா, வேண்டாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

என்ஜின் நின்றால் செஸ்னா கல் மாதிரி விழாது. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் சறுக்கிப்போய் இறங்க இடம் தேடலாம். பயிற்சியில் உங்கள் நண்பரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்திருப்பார்கள். வயதா? 1910 மே 25 அன்று அமெரிக்காவின் டேட்டன் நகருக்கு அருகே, ரைட் சகோதரர்களில் ஒருவரான ஆர்வில் ரைட் தன் அப்பாவை முதன்முறையாக ஏற்றிக்கொண்டு பறந்தார். பிஷப் மில்டன் ரைட்டுக்கு அப்போது 81 வயது. மகனின் காதருகே சாய்ந்து, "இன்னும் மேலே, ஆர்வில், இன்னும் மேலே" என்றாராம். நீங்கள் 46-ஐ வைத்துக்கொண்டு அலுத்துக்கொள்கிறீர்கள்.

அதை விடுங்கள். அந்த ஏழு கிலோவுக்கு வருகிறேன். போன வாரம்தான், மாத்திரையை ஒழுங்காகப் போடுவதாக டாக்டரிடம் கூசாமல் சொன்ன உறவினர் ஒருவரைத் திட்டித் தீர்த்தேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் உங்கள் கடிதம். யார் எண்ணைக் கேட்டாலும் நமக்குப் பிடித்த எண்ணைச் சொல்கிறோம். கேட்பவர் நம்மை எடைபோடுகிறார் என்று நினைப்பு. அவர் எடைபோடுவது விமானத்தை ஐயா!

இப்போது வரும் செஸ்னா 172, பறக்கக் கிளம்பும்போது 1157 கிலோவைத் தாண்டக் கூடாது. வெறும் விமானமே 760 கிலோவை ஒட்டி வரும். டேங்க்கை நிரப்பினால் பெட்ரோல் மட்டும் 140 கிலோவுக்கு மேல். மிச்சம் சுமார் 250 கிலோ. இருக்கை நான்கு இருக்கிறதே என்று நான்கு பெரியவர்களை ஏற்றிப் பையையும் திணித்தால் கணக்கு உதைக்கும். பெட்ரோலைக் குறைக்க வேண்டும், இல்லை ஆளைக் குறைக்க வேண்டும். கனம் எங்கே உட்கார்கிறது என்பதும் முக்கியம். பின்னால் கூடினால் வால் தாழ்ந்து, விமானம் கைக்கு அடங்காமல் போகும்.

நான் முதன்முதலில் இப்படி ஏறியபோது விமானம் ஓட்டிய நண்பர் வெகுகாலம் பறந்தவர். இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயில் பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெளிர் நீலம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்தாகத் தங்குமாம். அப்புறம் எடை கேட்டார். கூட வந்த பருத்த மனிதர் ஒருவர் வாய் கூசாமல் ஓர் எண்ணைச் சொன்னார். நண்பர் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. காகிதத்தில் பத்துக் கிலோ கூட்டி எழுதிக்கொண்டார். உங்கள் நண்பருக்கு உரிமம் புதிது, பண்பானவர் வேறு. சொன்னதை அப்படியே எழுதுவார்.

அதுவும் டென்வரில், ஜூலையில்! ஊரே கடலுக்கு 1600 மீட்டர் மேலே. 30 டிகிரி வெயிலில் காற்று இன்னும் இளைத்து, விமானத்துக்கு அது 2500 மீட்டருக்கு மேல் இருக்கும் இடம் மாதிரி ஆகிவிடும். என்ஜின் சோரும், இறக்கை தூக்காது, ஓடுதளம் கூடுதலாக வேண்டும். அங்கே ஏழு கிலோ விளையாட்டில்லை.

மனைவியிடம் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் சிறு விமானங்கள் லட்சம் மணி நேரம் பறந்தால் ஏறத்தாழ ஓர் உயிரிழப்பு விபத்து நடக்கிறது. பயணிகள் விமானத்தோடு ஒப்பிட முடியாத அளவு அதிகம். குழந்தையும் வருகிறாள், அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டாமா? வாடகையில் உங்கள் பங்கைக் கொடுங்கள். அந்த உரிமத்தை வைத்து அவர் சம்பாதிக்கக் கூடாது, செலவைப் பகிர்ந்துகொள்ளச் சட்டம் விடுகிறது. வெயில் ஏறினால் காற்று தூக்கிப் போடும், காலையிலேயே கிளம்புங்கள்.

அதற்கு முன்னால், இன்று ராத்திரியே நண்பருக்குப் போன் போட்டுச் சரியான எடையைச் சொல்லுங்கள். மச்சானையும் ஒரு தடவை தராசில் ஏற்றிப் பாருங்கள். அவர் மட்டும் உண்மையைச் சொல்லியிருப்பார் என்று எனக்கு நம்பிக்கையில்லை.